ரீட், லிகேச்சர், மவுத்பீஸ்: எது எதோடு சேரும்? வாசகர் கேள்வி – பதில்

கிளாரினெட் வாசிக்கும் வாசகர்களின் கடிதங்களில் இம்முறை பாதிக்கு மேல் ரீட் பற்றியே, அதாவது வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் பொருத்தி அதிரவைக்கும் நாணல் தகட்டைப் பற்றியே இருந்தன. ஒரே சந்தேகத்தைப் பலரும் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆறு மாதமாகக் கற்றுவருகிறேன். வாத்தியத்தோடு வந்தது யமஹா 4சி மவுத்பீஸ். உடன் படிப்பவர் ஒருவர், 3½ ரீட் போட்டால்தான் தொனி கனமாக வரும் என்றார். வாங்கிப் போட்டால் வெறும் காற்றுச் சத்தம்தான் வருகிறது. பத்து நிமிடத்தில் உதடு வலிக்கிறது. என் உதடு இன்னும் பழகவில்லையா, ரீட்தான் தவறா?

பதில்: ரீட்தான் தவறு. எண் கூடக்கூட ரீட் கடினம், இப்போதைக்கு 2½ போடுங்கள். அதுவும் இறுக்கமாகத் தோன்றினால் 2. ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

மவுத்பீஸில் பார்க்க வேண்டிய அளவுகள் இரண்டு. ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்று. மவுத்பீஸின் மட்டமான தளத்தை விட்டு ரீட் விலகத் தொடங்கும் இடத்திலிருந்து நுனிவரை உள்ள வளைவின் நீளம் இன்னொன்று. இதைத்தான் ஃபேசிங் என்கிறார்கள். ஊதும்போது ரீட் இந்த வளைவின் மேல் படுத்துப் படுத்து எழுகிறது. இடைவெளி அகலமாக இருந்தால் ரீட் அதிக தூரம் வளைய வேண்டும், அதற்கு இளகலான ரீட் வேண்டும். ஃபேசிங் நீளமாக இருந்தால் ரீட் பின்னாலிருந்தே வளையும். நீளமான பலகையை வளைப்பது சுலபம் அல்லவா? அங்கே கொஞ்சம் கடினமான ரீட் தாங்கும். ஆகவே ஒரு அளவை மட்டும் வைத்து ரீட் எண்ணை முடிவு செய்ய முடியாது.

உங்கள் 4சி-யின் இடைவெளி 1.05 மி.மீ., ஃபேசிங் 19 மி.மீ. பலரும் வைத்திருக்கும் வேண்டோரன் பி45-இல் இடைவெளி 1.195 மி.மீ. வித்தியாசம் ஒன்றரைத் தாள் தடிமன்தான், ஆனால் உதட்டுக்கு அது பெரிய தூரம். பி45-இல் பெரும்பாலோர் 2½ முதல் 3 வரை நிற்கிறார்கள். அதே நிறுவனத்தின் எம்13-இல் இடைவெளி சுமார் 1 மி.மீ., ஃபேசிங் நீளம். அதில் 3½, 4 சர்வசாதாரணம். உங்கள் நண்பர் அப்படி ஒரு மவுத்பீஸில் வாசிக்கிறாரோ என்னவோ, அவருடைய எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. 4சி-யில் 3, 3½ வாசிப்பவர்களும் உண்டு. அவர்களுடைய உதட்டின் ஓரத் தசைகளுக்குச் சில வருடப் பயிற்சி இருக்கும்.

ஊகிக்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மவுத்பீஸையும் அதற்கு அடுத்து வரும் சிறு குழாயான பேரலையும் மட்டும் சேர்த்துக்கொண்டு, வழக்கமான வாய் அமைப்பில் நன்றாக ஊதுங்கள். பி பிளாட் கிளாரினெட் என்றால் டியூனரில் எஃப் ஷார்ப், அதாவது 740 ஹெர்ட்ஸ் அருகே நிற்க வேண்டும். எஃப்புக்கோ அதற்குக் கீழோ தொய்ந்தால் ரீட் இளகல், அல்லது உதடு தளர்ந்திருக்கிறது. ஜி பக்கம் ஏறினால் கடினமான ரீட்டை மூடுவதற்காகப் பல்லால் கடிக்கிறீர்கள். 3½-ஐப் போட்டு இதைச் செய்து பாருங்கள், வலி எங்கிருந்து வருகிறது என்று டியூனரே காட்டிவிடும்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களின் 3-ஆம் எண் ரீட் வாங்கினேன். ஒன்று வெண்ணெய்போல் பேசுகிறது, இன்னொன்று மரக்கட்டையாக இருக்கிறது. எண் என்பது தடிமன் இல்லையா?

பதில்: இல்லை. இந்தத் தவறான எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில் 2-ஆம் எண்ணும் 4-ஆம் எண்ணும் ஒரே வடிவில், ஒரே தடிமனில்தான் வெட்டப்படுகின்றன. ரீட் செய்யும் நாணல் ஒரு தாவரம். ஒரு தண்டு இறுக்கமாக வளரும், பக்கத்துத் தண்டு இளகலாக இருக்கும். வெட்டி முடித்த ரீட்டை இயந்திரம் வளைத்துப் பார்த்து, எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வைத்து எண் போடுகிறது. அந்த அளவுகோலை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வைத்திருக்கிறது, பொதுத் தரம் என்று ஒன்று கிடையாது.

தடிமன் மாறுவது வகைக்கு வகை. வேண்டோரனின் நீலப் பெட்டி டிரெடிஷனல் ரீட்டில் அடிப்பகுதி 2.8 மி.மீ., நுனி 0.09 மி.மீ. வி12-இல் அடி 3.15, நுனி 0.10. ரூ லெபிக் 56-இல் 3.25, 0.11. அடி தடித்தால் தொனி செறிவாக வரும், மேல் ஸ்தாயியில் சுரம் நிலைக்கும். நுனி மெலிந்தால் நாக்கு பட்டவுடன் பேசும். டிரெடிஷனலில் வாசித்தவர் வி12-க்குப் போகும்போது அதே எண் சற்று இளகலாகத் தோன்றும், பலரும் அரை எண் ஏற்றிக்கொள்கிறார்கள். நிறுவனம் மாற்றும்போது, இரண்டையும் ஒப்பிடும் அட்டவணையை அந்தந்த நிறுவனங்களே வெளியிடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு திருகு உள்ள சாதாரண உலோக லிகேச்சரை விட்டு, விலை உயர்ந்த ஒன்றுக்கு மாறினேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில நாள் தொனி அடைத்துக்கொள்ளவும் செய்கிறது. எது நல்ல லிகேச்சர்?

பதில்: தொனியை முதலில் தீர்மானிப்பது வாசிப்பவரின் வாயும் மூச்சும். அடுத்தது மவுத்பீஸ், அதற்கடுத்து ரீட். ரீட்டை மவுத்பீஸோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டையான லிகேச்சர் கடைசியில்தான் வரும். முதலில் லிகேச்சரை மாற்றிப் பார்ப்பது தலைகீழ் வைத்தியம். அதற்காக லிகேச்சர் எதுவானாலும் சரி என்று சொல்லவில்லை. ரீட்டைத் தளத்தோடு முழு நீளத்துக்கும் ஒட்ட வைப்பதும், அதிரவேண்டிய பகுதியைத் தொந்தரவு செய்யாமல் விடுவதும் அதன் வேலை. இந்த இரண்டையும் செய்கிற எந்த லிகேச்சரும் நல்லதே.

நீங்கள் சொல்லும் அடைப்பு பெரும்பாலும் திருகிலிருந்து வருகிறது. பல மவுத்பீஸ்களில் ரீட் உட்காரும் தளம் முழு மட்டமாக இருக்காது, நடுவில் மிக லேசான குழிவு வைத்திருப்பார்கள். திருகை வலுவாக முடுக்கினால் ரீட்டின் நடுப்பகுதி அந்தக் குழிவுக்குள் அமுங்கும், நுனி மேலே கிளம்பும். இடைவெளி கூடிப்போய், அதே ரீட் அரை எண் கடினமானதுபோல் நடந்துகொள்ளும். ஒரு நாள் நன்றாக இருந்த ரீட் மறுநாள் அடைக்கிறதென்றால், அன்று விரல் கொஞ்சம் பலமாக முடுக்கியிருக்கிறது என்று பொருள்.

இப்படிப் பொருத்துங்கள். லிகேச்சரை முதலில் மவுத்பீஸில் தளர்வாக நுழைத்துவிட்டு, ரீட்டை மேலிருந்து அதற்குள் இறக்குங்கள். ரீட் மேல் லிகேச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தால் என்றாவது ஒருநாள் நுனி சிதறும். ரீட் நடுவில் நிற்கிறதா என்று இருபக்க விளிம்பையும் பாருங்கள். நுனிக்கு மேலே மவுத்பீஸின் கருமை ஒரு மயிரிழை தெரிந்தால் போதும். லிகேச்சரின் மேல்விளிம்பு, மவுத்பீஸில் கீறியிருக்கும் மேல்கோட்டுக்குக் கீழே இருக்கட்டும். கீழ்த் திருகை ரீட் நகராத அளவுக்கு முடுக்குங்கள். மேல் திருகை, தொட்டு நின்றதும் கால் சுற்று, அவ்வளவுதான். திருகு கீழே ரீட் பக்கம் வரும் வகையானாலும், மேலே வரும் தலைகீழ் வகையானாலும் திருகின் தலை வாசிப்பவரின் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் வந்தால் லிகேச்சரைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்.

வகைகளைப் பற்றி: தோல், துணி லிகேச்சர்கள் ரீட்டைப் பரந்து பிடிக்கின்றன, ஓரக் கூர்மை குறைந்து தொனி மிருதுவாகத் தோன்றும். தலைகீழ் உலோக வகையில் ரீட்டைத் தொடுவது இரண்டு மெல்லிய தண்டவாளங்கள் மட்டும், பதில் வேகமாக இருக்கும். வேண்டோரன் ஆப்டிமம் ஒரே திருகில் இயங்குகிறது. மூன்று அழுத்தத் தகடுகள் கொடுக்கிறார்கள், மாற்றிப் போட்டால் பிடிப்பு மாறும். வித்தியாசங்கள் உண்மையானவைதான், ஆனால் எதிரில் உட்கார்ந்து கேட்பவரைவிட வாசிப்பவருக்கே அதிகம் புலப்படும். சோதித்துப் பார்க்கும்போது ரீட்டை அசைக்காமல் லிகேச்சரை மட்டும் மாற்றுங்கள். ரீட் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அது செய்யும் மாற்றம் லிகேச்சரின் மாற்றத்தை விழுங்கிவிடும்.

பழைய லிகேச்சர் கோணிப்போய், ஒரு பக்கம் மட்டும் ரீட்டைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: பத்து ரீட் உள்ள பெட்டியில் மூன்றுதான் தேறுகிறது. மீதியை எறிவதைத் தவிர வழியுண்டா?

பதில்: எறியாதீர்கள். அந்த ஏழில் நான்கையாவது மீட்கலாம்.

முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு. புதிய ரீட் காய்ந்த செல்லுலோஸ். ஈரம் ஏறி, காய்ந்து, மறுபடி ஏறி நிலைப்பட நாலைந்து நாள் ஆகும். எல்லா ரீட்டிலும் தேதி எழுதுங்கள். ஒரு நிமிடம் தண்ணீரிலோ வாயிலோ நனைத்து, முதல் நாள் ஐந்து நிமிடம் மட்டும், நடு ஸ்தாயியில், மிதமான ஓசையில் வாசியுங்கள். உச்ச சுரங்களும் முழு பலமும் அன்று வேண்டாம். பிறகு துடைத்து, தட்டையான கண்ணாடி மேல் வைத்துக் காயவிடுங்கள். தினமும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். ஐந்தாம் நாள்தான் பிரிக்க வேண்டும்.

அப்போதும் சண்டித்தனம் செய்பவற்றுக்கு முதலில் அடித்தளத்தைப் பாருங்கள். நனைந்து காயும்போது ரீட்டின் தட்டைப் பக்கம் லேசாக உப்பும். உப்பியது தளத்தோடு ஒட்டாது, காற்று கசியும். இதைக் கண்டுபிடிக்க: ரீட் பொருத்திய மவுத்பீஸின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, நுனியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயை விலக்குங்கள். ரீட் ஒட்டிக்கொண்டு நின்று, இரண்டு மூன்று நொடி கழித்து ‘டப்’ என்று விடுபட வேண்டும். உடனே திறந்துகொண்டால் எங்கோ கசிகிறது. 600-ஆம் எண் உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, ரீட்டின் தட்டைப் பக்கத்தை நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு முறை லேசாக இழுங்கள். நுனிப் பகுதியை உப்புத்தாளுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இருப்பதே ஒரு தாள் தடிமன்தான். பளபளப்பு சீராக வந்தால் தளம் மட்டமாகிவிட்டது. ஒரே மவுத்பீஸில் எல்லா ரீட்டும் கசிந்தால் குறை மவுத்பீஸில் இருக்கிறது, ரீட்டைத் தேய்த்துப் பயனில்லை.

அடுத்தது இருபக்கச் சமநிலை. மவுத்பீஸை வாயில் சற்றே திருப்பி, ரீட்டின் வலப்பக்கத்தை உதடு அடக்கும்படி வைத்து ஓர் இடைச்சுரம் ஊதுங்கள், இடப்பக்கம் மட்டும் பேசும். பிறகு மறுபக்கம் திருப்பி ஊதுங்கள். எந்தப் பக்கம் மூச்சு முட்டுகிறதோ அந்தப் பக்கம் தடித்திருக்கிறது. முதலில் உப்புத்தாளை எடுக்காமல் ரீட்டை நகர்த்திப் பாருங்கள்: தடித்த பக்கத்து ஓரம் மவுத்பீஸின் ஓரத்தைத் தாண்டி மயிரிழை வெளியே போகுமாறு. பாதி ரீட்டுகள் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் அந்தப் பக்கத்தின் நடுவோரத்தில் நாலைந்து தேய்ப்பு, பிறகு வாசிப்பு, தேவையானால் மறுபடி நாலைந்து. ரீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஒரு நிழல் முதுகெலும்பு தெரியும். அதைத் தொடவே கூடாது, அது போனால் தொனி போயிற்று.

மொத்தமாகக் கடினமாக இருப்பதை மயிரிழை கீழே இறக்கிப் பொருத்துங்கள், இளகும். இளகிப்போனதை மேலே ஏற்றுங்கள். அப்படியும் போதாதென்றால் ரீட் வெட்டியால் நுனியில் கால் மில்லிமீட்டர் நறுக்கலாம். ஒரே தடவையில் அரை மில்லிமீட்டர் எடுத்தால் பலகையாகிவிடும்.

தேறியவற்றில் நான்கையாவது சுழற்சியில் வைத்திருங்கள். ஒன்றையே தொடர்ந்து வாசித்தால் அது சாகும்போது வாயும் அதோடு பழகிப் போயிருக்கும், புதியது எதுவும் பிடிக்காது.

கேள்வி: திடீர் திடீரென்று கீச்சிடுகிறது. ரீட்டை மாற்றியும் நிற்கவில்லை.

பதில்: மாற்றியும் நிற்கவில்லை என்றால் ரீட்டை விட்டுவிடுங்கள். விரல் துளையை முழுதாக மூடாததும், வலக்கை விரலின் பக்கம் ஒரு சாவியில் உரசுவதும், சாவியின் அடியில் துளையை மூடும் பேட் கசிவதும்தான் கீச்சலின் பெரும்பங்கு. மவுத்பீஸும் பேரலும் மட்டும் வைத்து ஒரு நிமிடம் ஊதுங்கள். கீச்சல் இல்லையா? அப்படியானால் குறை வாத்தியத்திலோ விரலிலோ இருக்கிறது. அங்கேயும் கீச்சிட்டால் ரீட் கோணலாக நிற்கிறது, நுனியில் சிறு சிதறல் இருக்கிறது, அல்லது மவுத்பீஸின் ஓர விளிம்பில் நகம் தட்டும் அளவுக்குப் பொத்தல் விழுந்திருக்கிறது. நுனி காய்ந்து அலையலையாக நெளிந்திருந்தாலும் கீச்சிடும். நன்றாக நனைத்து, மவுத்பீஸ் மேல் வைத்துப் பெருவிரலால் மெல்ல அமுக்கித் தட்டையாக்கிவிட்டு வாசியுங்கள்.

கேள்வி: ஜெர்மன் வகை ரீட் ஒரு பெட்டி கிடைத்தது. பிரெஞ்சு மவுத்பீஸில் போடலாமா?

பதில்: வேண்டாம். அது அகலம் குறைந்தது. பிரெஞ்சு மவுத்பீஸின் இருபக்க ஓரங்களையும் முழுதாக மூடாமல் காற்று ஒழுகும். ஜெர்மன் மவுத்பீஸில் ரீட்டைக் கயிறு சுற்றிக் கட்டும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அந்த மவுத்பீஸின் ஃபேசிங்கும் வேறு, ரீட்டின் வடிவமும் அதற்கென வெட்டியது.

கேள்வி: பிளாஸ்டிக் ரீட்டுக்கு மாறலாமா? எந்த எண்?

பதில்: தாராளமாக. நனைக்க வேண்டாம், நெளியாது, எடுத்தவுடன் வாசிக்கலாம். ஒரே நிகழ்ச்சியில் இரண்டு வாத்தியம் மாற்றி வாசிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. லெஜேர் போன்றவை கால் எண் வித்தியாசத்தில் கிடைக்கின்றன: 3, 3.25, 3.5 என்று. நாணல் ரீட்டின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அவர்களுடைய ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து, பக்கத்தில் உள்ள இரண்டு எண்களையும் வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு குறை உண்டு. நெடுநேரம் வாசிக்க வாசிக்க, வாயின் சூட்டில் கொஞ்சம் இளகும், மேல் சுரங்கள் தாழும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசித்தால் பழைய நிலைக்குத் திரும்ப அவகாசம் கிடைக்கும். உப்புத்தாள் வைத்தியம் இதற்குச் செய்யாதீர்கள். பொருத்தும் உயரத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: பழைய எபோனைட் மவுத்பீஸ் ஒன்று கிடைத்தது. பெயரும் எண்ணும் தேய்ந்து போயிருக்கின்றன. உள்ளே வெள்ளைப் படிவு வேறு. இதற்கு என்ன ரீட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் சுத்தம். வெந்நீரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். எபோனைட் என்பது கடின ரப்பர், சூட்டில் நிறம் மாறும், ஃபேசிங் கோணும், கோணியது திரும்பாது. வெள்ளைப் படிவு எச்சிலில் உள்ள கால்சியம். தண்ணீர் கலந்த வினிகரில் பஞ்சை நனைத்துப் படிவின் மேல் சில நிமிடம் வைத்து, மென்மையான துணியால் துடைத்து, குளிர்ந்த நீரில் அலசுங்கள். நுனியையும் ஓரங்களையும் பிரஷால் தேய்க்க வேண்டாம்.

அளப்பதற்கு, அரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட கண்ணாடி அளவுகோலும், மெக்கானிக்குகள் இடைவெளி அளக்க வைத்திருக்கும், தடிமன் குறித்த ஃபீலர் கேஜ் தகடுகளும் வேண்டும். கண்ணாடியை ரீட் உட்காரும் இடத்தில் வைத்து, அதன் மேல்விளிம்பை மவுத்பீஸ் நுனியோடு சேர்த்துப் பிடியுங்கள். 0.038 மி.மீ. தகட்டை நுனிப் பக்கத்திலிருந்து தன் எடையிலேயே கீழே சரியவிடுங்கள், தள்ளக் கூடாது. எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் ஃபேசிங் நீளம். 34 என்று காட்டினால் 17 மி.மீ., 36 என்றால் 18 மி.மீ. பிறகு 0.25, 0.61, 0.86 மி.மீ. தகடுகளையும் அதேபோல் விட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவு சீராக இறங்குகிறதா, நடுவில் மேடு இருக்கிறதா என்று இந்த நான்கு எண்களே காட்டும்.

ஒவ்வொரு தகட்டையும் வலது ஓரத்திலும் இடது ஓரத்திலும் தனித்தனியாகப் படியுங்கள். ஒரு கோடு வித்தியாசம் இருந்தால் வாசிப்பில் தெரியாது. இரண்டு மூன்று கோடு விலகினால், எந்த ரீட்டைப் போட்டாலும் ஒரு பக்கம் முரண்டு பிடித்துக்கொண்டே இருக்கும். அதை ஃபேசிங் சீர்செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், வீட்டில் உப்புத்தாளை எடுக்காதீர்கள். ரீட்டில் எடுத்ததற்கு இன்னொரு ரீட் இருக்கிறது, மவுத்பீஸில் எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது.

இருபக்கமும் ஒத்துப்போனால் அடுத்து நுனி இடைவெளியை அளந்துவிட்டு ரீட்டுக்கு வாருங்கள். இடைவெளி 1.05-க்குக் கீழே, ஃபேசிங் 18-க்கு மேலே என்றால் 3½-இல் தொடங்குங்கள். 1.05-க்கும் 1.15-க்கும் நடுவே என்றால் 3. அதற்கு மேல் போனால் 2½. இவை சில வருடம் வாசித்தவர்களுக்கான தொடக்கப் புள்ளிகள், புதியவர்கள் அரை எண் குறைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மேல் ஸ்தாயி சியைப் பிடித்து அதற்கு மேலே நான்கு சுரம் ஏறிப் பாருங்கள். சுருதி தாழ்ந்து, தொண்டை அடைப்பதுபோல் நின்றுவிட்டால் அரை எண் ஏற்றுங்கள். கீழ் ஸ்தாயியில் மெல்ல ஊதும்போது காற்று முன்னே வந்து ஓசை பின்னால் வந்தால் அரை எண் இறக்குங்கள். இரண்டும் சரியாக இருக்கும் எண்ணை அந்த மவுத்பீஸின் டப்பாவுக்குள் ஒரு தாளில், நிறுவனம், வகை இரண்டோடும் எழுதி வையுங்கள்.